பிளேனம்மா படத்துல என் பேரு இல்ல

கோவில்பட்டிக்கா அண்ணாச்சி? நானும் கோவில்பட்டிதான். நல்லதாப் போச்சு, பஸ்ஸு போயிச் சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே போயிரலாம். நீங்க பேச வேண்டாம், நான் பேசுறேன். போனைப் பாக்கணும்னா பாத்துக்கோங்க, காதை மட்டும் இங்கிட்டு வச்சாப் போதும்.

உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். நீங்க வெளியாளு, ரெண்டு பக்கமும் சாய மாட்டீக. ஒரு படத்துக்கு ஒருத்தன் நாயா அலைஞ்சு உதவி பண்றான். தங்குறதுக்கு வீடு பாத்துக் குடுக்குறான், சோத்துக்கு ஏற்பாடு பண்றான், ஆளுகளக் கூட்டியாரான், ஃப்ளெக்ஸ் அடிக்கிறான். படம் முடிஞ்சு கடைசியில நன்றின்னு போட்டு வரிசையாப் பேரு ஓடுது. டீ வாங்கிக் குடுத்தவன் பேரு ஓடுது. கேமராக்காரத் தம்பிய எங்க தெரு நாயி கடிச்சப்ப ஊசி போட்டுவிட்ட நர்ஸம்மா பேரு ஓடுது. என் பேரு இல்ல. அந்த நாயப் புடிச்சுக் கட்டினவன் நான். அதுக்காகவாச்சும் போட்டிருக்கலாமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

என் பேரு கடற்கரை. சிரிக்காதீக. எங்க தாத்தா பேரு அது. எங்க ஊர்ல கண்மாயே வருசத்துல பாதி நாளு காஞ்சுதான் கெடக்கும், இருந்தாலும் பேரு கடற்கரை. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல கடை. கடற்கரை டிஜிட்டல்ஸ். கல்யாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாத்துக்கும் ஃப்ளெக்ஸ் நம்மகிட்டதான்.

ஒரு பேரோட மதிப்பு என்னன்னு என்னைய விட யாருக்குத் தெரியும்? காதுகுத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சா, தாய்மாமன் போட்டோ சித்தப்பன் போட்டோவ விட ஒரு விரக்கடை சின்னதாப் போனாப் போதும், பந்தியில எலையில கை வைக்க மாட்டான், எந்திரிச்சுப் போயிருவான். ஒருக்கா ஒரு பேரு விட்டுப் போயி, அந்தக் குடும்பம் ரெண்டாப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் நல்லது கெட்டதுக்குப் பேச்சு வார்த்தை கெடையாது. அந்த மாதிரித் தொழில்ல இருக்கிறவன் பேர விட்டிருக்காக. பெனிட்டா பாப்பாவுக்கு வெவரம் பத்தல.

பெனிட்டா யாருன்னு சொல்லலேல்ல. அதுதான் படம் எடுத்த பிள்ள. தூத்துக்குடிக்காரி. படம்னா தியேட்டர்ல ஓடுற படம் இல்ல, டாக்குமெண்டரி. பாட்டு கெடையாது, சண்டை கெடையாது, ஒரு ஆளு உக்காந்து பேசிக்கிட்டே இருக்கும், நடுவுல மரத்தைக் காட்டுவாக. பின்னால கம்பெனி எதுவும் இல்ல. சொந்தக் கேமரா, கூட ஒரு தம்பி, சேக்காளிக நாலு பேரு ஒத்தாசை, அவ்வளவுதான். மொத நாளு கடைக்கு வந்து, "அண்ணே, பிளேனம்மாவப் பத்திப் படம் எடுக்கப் போறேன், நீங்கதான் கூட இருந்து சப்போர்ட் பண்ணணும்"னு சொன்னுச்சு. சப்போர்ட் பண்ணணும்னு அது வாயால சொன்னத நீங்க ஞாபகத்துல வச்சுக்கோங்க. நானாப் போயி நிக்கல.

பிளேனம்மான்னா எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். தனபுஷ்பம் அம்மா. அவுகப்பா பருத்தியில கொட்டை எடுக்கிற ஜின்னிங் பேக்டரி வச்சிருந்தாரு. அந்தக் காலத்துல, பொம்பளப் பிள்ள சைக்கிள் ஓட்டினாலே ஊரு வேலைய விட்டுட்டு வேடிக்கை பாத்த காலத்துல, இந்தம்மா பிளேன் ஓட்டப் படிச்சுட்டு வந்துட்டாக. எங்க வட்டாரத்துல மொதப் பொம்பள பைலட் அவுகதான். ஆளுகள ஏத்திக்கிட்டு மெட்ராஸுக்கும் டெல்லிக்கும் போற பிளேன் இல்ல. பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கிற பிளேன். ஒத்த ஆளு உக்கார்ற சின்னப் பிளேன், வயித்துல மருந்தை ரொப்பிக்கிட்டு, பருத்திச் செடிய உரசுற மாதிரி தாழ்வா வரும். கரிசக்காடு பூராம் அவுக பறக்காத எடம் இல்ல.

எங்கம்மாவும் அந்தப் பிளேன்ல வேலை பாத்தவதான். பிளேனுக்குள்ள இல்ல, கீழ. அம்மா பேரு குருவம்மா. மேல இருந்து பாத்தா எல்லாக் காடும் ஒண்ணு போலத்தான் இருக்கும், எந்த வரிசைக்கு அடிச்சோம், எந்த வரிசைக்கு அடிக்கலன்னு தெரியாது. அதுக்காகக் காட்டோட இந்த ஓரத்துல ஒரு பிள்ள, அந்த ஓரத்துல ஒரு பிள்ள, கம்புல வெள்ளத் துணியக் கட்டித் தூக்கிக்கிட்டு நிக்கும். பிளேன் அந்தக் கொடியக் குறி வச்சு வரும், தலைக்கு மேல மருந்தைப் பீச்சிக்கிட்டே போகும். போனதும் பிள்ள நாலு எட்டு தள்ளி நிக்கும், பிளேன் திரும்பி வரும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எங்கம்மா தலைமுடியெல்லாம் மருந்து சொட்டுமாம். அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகல. அந்த வேலைக்குக் கெராக்கி அதிகம், களை எடுக்கிறத விடக் கூலி கூட. பிளேனோட வேலை பாத்தவ மகன்னு எனக்கு ஒரு பெருமை உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா நான் ஒம்பதாப்பு படிக்கையில போயிட்டா. இருமல். காசநோய்னாக, அதுக்கு மாத்திரை தின்னா, கேக்கல. அப்பறம் நெஞ்சுச் சளின்னாக. எங்கப்பா பம்பாய்க்குப் போனவரு போனவருதான். அப்பத்தான் பிளேனம்மா வந்து என்னையக் கையோட கூட்டிட்டுப் போயி, அவுக வீட்டுப் பின்கட்டுல தங்க வச்சு, சோறு போட்டுப் படிக்க வச்சாக. ஏன்னு கேளுங்க. என் கையெழுத்து. ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போர்டு எழுதினவன் நான். அந்தம்மா தலைமை தாங்க வந்திருந்தாக, போர்டைப் பாத்துட்டு, "இத எழுதினது யாரு?"ன்னு கேட்டாக. அப்பவே என்னைய அவுக கவனிச்சுட்டாக. பெறவு கடை வச்சுக் குடுத்ததும் அவுகதான், மொத மிஷின் வாங்கிக் குடுத்ததும் அவுகதான். தெறமை இருந்தா எவனோ ஒருத்தன் கண்ணுல படத்தான் செய்யும்.

சரி, படத்துக்கு வாரேன். பெனிட்டா வந்து பாத்தா, பிளேனம்மா வாயே தெறக்கல. பிள்ளைக்குக் காபி குடுத்தாக, சோறு போட்டாக, ஊரு நாயம் எல்லாம் பேசினாக. கேமராவ எடுத்தா, "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லம்மா, வேற யாரையாச்சும் பாரு"ன்னு எந்திரிச்சு உள்ள போயிருவாக. ஏன் பிளேன் ஓட்டுறத விட்டீகன்னு அந்தப் பிள்ள கேட்டுட்டா அன்னைக்குப் பூராம் வெளிய வர மாட்டாக. நல்லா பறந்துக்கிட்டு இருந்தவுக ஒரு வருசம் திடுதிப்புன்னு நிறுத்திட்டாக. கண்ணு பத்தலன்னு சில பேரு சொல்வாக, கல்யாணப் பேச்சு வந்துச்சுன்னு சில பேரு சொல்வாக. கல்யாணமும் கடைசி வரைக்கும் ஆகல, கண்ணாடியும் இன்னைக்கு வரைக்கும் போடல.

பெனிட்டா அழுதுருச்சு. கடன ஒடன வாங்கி வந்திருக்கேன் அண்ணே, அவுக பேசலேன்னா படமே இல்லன்னு கடையில உக்காந்து அழுதுச்சு. எனக்கு மனசு கேக்கல. நான் யோசிச்சேன். ஒரு மனுசன் பேச மாட்டேங்குறான்னா என்ன அர்த்தம்? யாரும் மேடை போட்டுப் பேசச் சொல்லலன்னு அர்த்தம். ஒரு பாராட்டு விழா வச்சு, ஒரு மைக்கு, ரெண்டு பொன்னாடை, ஊரு பெரிய மனுசங்க நாலு பேருன்னு கூட்டிட்டா, தானாப் பேசுவாக. விழா வச்சுருவோம் பாப்பான்னேன். வேண்டாம்ணேன்னுச்சு. சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்.

ஃப்ளெக்ஸ் அடிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, பெருசா அடிச்சேன். பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, மார்க்கெட்ல ஒண்ணு, அவுக மருந்து அடிச்ச ஊருக்கெல்லாம் ஊருக்கு ஒண்ணு. அவுக வாலிபத்துல பிளேனுக்குப் பக்கத்துல நிக்கிற போட்டோ ஒண்ணுதான் இருந்துச்சு, கருப்பு வெள்ளை. அதப் போட்டேன். கருப்பு வெள்ளைக்குக் கலர் பின்னணி எடுக்காது, அதனால வெள்ளைப் பின்னணி. விழாவுக்கு ரெண்டு நாளுதான் இருக்கு, முகூர்த்த நேரம் வேற, கடையில வேலை நெரிக்குது. ஒவ்வொண்ணையும் புதுசா வரைய முடியுமா? கம்ப்யூட்டர்ல ரெடியா ஒரு ஃபைல் கெடந்துச்சு, வெள்ளைப் பின்னணி, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழ ரோஜா இதழு. குத்துவிளக்கு மங்களகரமான சாமான்தான? அதுலயே போட்டோவ மாத்தினேன். "எங்கள் மண்ணின் முதல் பெண் விமானி தனபுஷ்பம் அம்மாள்". அதுக்குக் கீழ, "ஞாயிறு காலை பத்து மணி, அம்மாள் இல்லத்தில்". எழுத்துல ஒரு பிழை உண்டா? பாராட்டு விழான்னு ஒரு வரி விட்டுப் போச்சு, அது எடம் பத்தாம. எடம் பத்தலன்னா என்ன செய்ய முடியும்?

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீக? அதே பார்வையத்தான் ஊரே பாத்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில நான் பொன்னாடையோட போயி நிக்கேன். மொத ஆளா வந்தது ஃப்ரீஸர் பெட்டிக்காரன். "அண்ணாச்சி, பெட்டி வெளிய நிக்குது, உள்ள கொண்டாரவா?"ன்னான். நான் எதுக்குலேன்னேன். ஃப்ளெக்ஸைப் பாத்தேன் அண்ணாச்சி, யாராச்சும் முந்திருவானோன்னு ஓடியாந்தேன்னான். அவனை வெரட்டிக்கிட்டு இருக்கும்போதே கவுன்சிலரு மாலையோட வாராரு. செருப்பைத் தெருவுலயே கழத்திப் போட்டுட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாராரு. பின்னாடியே ஜின்னிங் பேக்டரி பழைய கணக்கப்பிள்ள, கையப் புடிச்சு ரெண்டு பேரு கூட்டியாராக. தெருமொனையில ஒருத்தன் சங்கு ஊதுறான். அவனை யாரு கூப்பிட்டாகன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

பிளேனம்மா பேப்பர் படிச்சுக்கிட்டே வெளிய வந்தாக. "என்ன கடற்கரை, வாசல்ல கூட்டம்?"னாக. உங்களுக்குப் பாராட்டு விழாம்மான்னேன். "பாராட்டுக்கு எதுக்குய்யா சங்கு ஊதுறான்?"னாக. கவுன்சிலரு அவுகளப் பாத்தாரு, மாலையப் பாத்தாரு. மல்லிகையும் சம்பங்கியுமாப் பெரிய மாலை. பின்னால கொண்டு போயி மறைச்சுக்கிட்டாரு. என்னையப் பாத்த பார்வை இருக்கே, அடுத்த எலெக்‌ஷனுக்கு அவரு நம்மகிட்ட ஃப்ளெக்ஸ் அடிக்க மாட்டாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

அந்தம்மா கோவப்படல. வந்தவுகள வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னு இட்லி வாங்கியாரச் சொன்னாக. பெனிட்டா ஒரு ஓரமா நின்னு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் ஷேர் ஆட்டோ ஒண்ணு வந்து நிக்குது. கிராமத்துல இருந்து வயசான பொம்பளைக. எறங்கும்போதே தலைய விரிச்சுப் போட்டு, ஒருத்தி தோள ஒருத்தி புடிச்சுக்கிட்டு, ஒப்பாரி வச்சுக்கிட்டே வாராக. "பறந்து வந்த ராசாத்தி, பாதியில போனியோ"ன்னு. நான் கைய ஆட்டி ஆட்டிப் பாக்கேன், யாரு கேக்குறா? அழ ஆரம்பிச்சா எடையில நிறுத்துறது அவுகளுக்குப் பழக்கம் இல்ல. பிளேனம்மா நேராப் போயி அவுக முன்னால நின்னுட்டாக.

அதுல முன்னால வந்தது சீனியம்மா கெழவி. பிளேனம்மா கன்னத்தத் தொட்டுப் பாத்துட்டு, "உசுரோட இருக்கியா தாயி? நாங்க உன்னையப் பொதைக்க வந்தோமே"ன்னு அதுக்கும் சேத்து அழுதா. எல்லாரும் முற்றத்துல உக்காந்தாக. பிளேனம்மா ஒவ்வொருத்தி மொகத்தையும் பாத்துக்கிட்டே வந்து, "நீ எந்தப் பக்கம் கொடி புடிச்ச?"ன்னு சீனியம்மாகிட்டக் கேட்டாக. "நான் கெழக்கு ஓரம் தாயி. மேக்கு ஓரத்துல குருவம்மா. அவதான் முந்திப் போயிட்டாளே. அப்பறம் பாக்கியம் போனா, முனியம்மா போனா. எல்லாத்துக்கும் அதே இருமல்தான். நான் ஒருத்தி கெடந்து இழுத்துக்கிட்டு இருக்கேன்"னா.

எங்கம்மா பேரு வந்ததும் பிளேனம்மா என்னையத் திரும்பிப் பாத்தாக. பெறவு, "பெனிட்டா, கேமராவ எங்க வைக்கணுமோ வையி"ன்னாக. பாத்தீகளா? விழா வச்சா பேசுவாகன்னு நான் சொன்னேனா இல்லையா? பேசிட்டாக. அந்தப் படத்துக்கு உசுரு குடுத்தது என் ஃப்ளெக்ஸு.

ஆனா பேசுறத நான் கேக்க முடியல. கேமராவ வச்ச ஒடனே, "கடற்கரை, போயி வெத்தல வாங்கியா"ம்பாக. அவுக வெத்தல போட்டு நான் பாத்ததில்ல. வாங்கிட்டு வந்தா, "சோடா வாங்கியா"ம்பாக. சோடா வாங்கிட்டு வந்தா, "கடைய இப்படிப் பூட்டிப் போட்டா யாவாரம் என்னத்துக்கு ஆகும், போ"ன்னு வெரட்டுவாக. கதவச் சாத்திக்கிட்டுத்தான் பேசினாக. எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணினவன் தெருவுல நிக்கேன். எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். சரி, படத்துல பாத்துக்கிடலாம், நன்றி கார்டுல மொதப் பேரா வரும்னு தேத்திக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில மதுரையில ஒரு காலேஜ் ஹால்ல போட்டாக. பிளேனம்மாவ நான்தான் பஸ்ஸுல கூட்டியாந்தேன். ஹால் நெறைய ஆளு. மொதல்ல தெரை பூராம் கருப்பாச்சு. நடுவுல வெள்ளை எழுத்துல, "குருவம்மாவுக்கு".

அவ்வளவுதான். வேற எழுத்து இல்ல. சுத்தி விளக்கு இல்ல, பூ இல்ல, பார்டர் இல்ல. ஒத்தப் பேரு, அம்புட்டுப் பெரிய தெரையில. இத்தனை வருசத் தொழில்ல அப்படி ஒரு பேர அடிச்சுக் குடுன்னு எவனும் எங்கிட்டக் கேட்டதில்ல. வேற குருவம்மாவா இருக்கும்னு நெனைச்சேன். எங்கம்மா அந்தப் படத்துக்கு என்ன உதவி பண்ணினா? அவ செத்து எத்தனையோ வருசமாச்சு. இங்க உசுரோட ஒருத்தன் நாய் புடிச்சிருக்கான்.

படம் ஓடுச்சு. பிளேனம்மா பேசுறாக. அவுகப்பா பத்தி, பிளேன் படிச்சது பத்தி, மொத நாளு தனியாப் பறந்தது பத்தி. நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் கொடி புடிச்ச பிள்ளைகளப் பத்திச் சொல்றாக. அவுக சொன்னத அப்படியே சொல்றேன், மாத்த மாட்டேன்.

"எனக்கு அந்தக் கொடிதான் குறி. கொடிக்குக் கீழ ஒரு மொகம். மத்த பிள்ளைக நான் வரும்போது துண்டால மூடிக்கிட்டுக் குனிஞ்சிருங்க. குருவம்மா மட்டும் குனிய மாட்டா. ஒரு பொம்பள பிளேன் ஓட்டிக்கிட்டு வாரான்னு அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். அண்ணாந்து பாத்து, வாயத் தெறந்து சிரிச்சுக்கிட்டு நிப்பா. நான் அவ்வளவு தாழ்வா வருவேன், அவ பல்லு எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பப் பாத்துக்கிட்டேதான் நான் மருந்து லீவர இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் இழுத்தேன்."

ஹால்ல சத்தமே இல்ல. ஸ்பீக்கர் போயிருச்சுன்னுதான் நான் நெனைச்சேன். திரும்பி ஆபரேட்டரத் தேடுறேன். திரும்பவும் அவுக பேசுறாக.

"எனக்கு மொகமூடி குடுத்திருந்தாங்க. அந்தப் பிள்ளைகளுக்கும் குடுங்கன்னு பிளேன் கம்பெனி ஆளுககிட்ட ஒரு தடவை கேட்டேன். அதுகளுக்கு அது பழக்கந்தான்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது தடவை கேட்டா, இந்தப் பொம்பள தொந்தரவுன்னு என்னைய எறக்கி விட்டுருவாங்களோன்னு பயம். எனக்குப் பறக்கணும். அதனால கேக்கல. அப்பறமும் ரெண்டு வருசம் பறந்தேன். சீக்காளியாப் போன குருவம்மாவ ஒரு நாளு ரோட்டுல பாத்தேன், அவளுக்கு என்மேல கோவம் இல்ல, அப்பவும் கும்புட்டா. அன்னைக்கோட பறக்குறத விட்டேன். அவ மகனை நான் வளத்தேன்னு ஊரு என்னையப் பெருமையாப் பேசுது. அவனுக்குச் சோறு போட்ட ஒவ்வொரு நாளும் நான் அவகிட்ட மன்னிப்புத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவன்கிட்டக் கேக்கத்தான் தைரியம் இல்ல."

அம்புட்டுத்தான். என் கையெழுத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

படம் முடிஞ்சு பேரு ஓடுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நர்ஸம்மா பேரு போச்சு. டீக்கடை பேரு போச்சு. லைட்டப் போட்டாக. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாக. பிளேனம்மாவ மேடைக்குக் கூப்பிட்டாக. அவுக மேடைக்குப் போகல, கீழயே நின்னு மைக்க வாங்கினாக. "கடற்கரை, எந்திரிய்யா"ன்னாக. எந்திரிச்சேன். "உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. கேமராகிட்டச் சொல்லிட்டேன். கேட்டுட்ட. இப்ப எல்லாரும் இருக்காங்க. நான் பண்ணினதுக்கு என்னைய என்ன சொல்லணுமோ சொல்லு. திட்டணும்னாலும் திட்டு"ன்னாக. மைக்க எங்கிட்ட நீட்டிட்டாக.

ஹாலே என்னையப் பாக்குது. பெனிட்டா கேமராவத் தூக்கிருச்சு. எனக்கு வாயில என்ன வந்துச்சு தெரியுமா அண்ணாச்சி? "படத்துல என் பேரு வரலியேம்மா"ன்னேன்.

சிரிச்சாக. நான் ஏதோ தமாசுக்குச் சொன்னேன்னு நெனைச்சு, மனசு எளகி, கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சாக. பக்கத்து ஆளு முதுகுல தட்டிக் குடுத்தாரு. பிளேனம்மா மட்டும் சிரிக்கல. அப்படியே உக்காந்துட்டாக. பெறவு பெனிட்டா வந்து, "அண்ணே, உங்க பேரப் போட வேண்டாம்னு அம்மாதான் சொன்னாங்க. அவனுக்கு நன்றி சொல்ற எடத்துல நான் இல்லன்னாங்க"ன்னுச்சு. எனக்கு அதுவும் ஒண்ணும் வெளங்கல.

அவுக எங்கன்னு கேக்குறீகளா? இதே பஸ்ஸுலதான் இருக்காக. டிரைவருக்குப் பின்னால பச்சச் சேலை தெரியுது பாருங்க, அவுகதான். பெனிட்டா காரு புடிச்சுத் தாரேன்னுச்சு, வேண்டாம்னுட்டாக. மாட்டுத்தாவணியில ஏறினதுல இருந்து ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. என்ன பேச? அதான் இங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன்.

எனக்குக் கோவம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்கம்மா கடைசியில மூச்சுக்கு எப்படித் தவிச்சான்னு நான் ஒருத்தன்தான் பாத்தேன். அது மருந்தாலயா, பெறவு அவ வேலை பாத்த தீப்பெட்டி ஆபீஸ் தூசியாலயா, அடுப்புப் பொகையாலயா, எவன் பிரிச்சுச் சொல்ல முடியும்? எந்த டாக்டரும் சொல்லல. ஆனா அந்தம்மா தன்னாலதான்னு நெனைச்சுக்கிட்டே என்னைய எதுத்தாப்ல உக்கார வச்சு இத்தனை வருசமாச் சோறு போட்டிருக்காக. நான் இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்கம்மான்னு கேட்டிருக்கேன். அவுக சோத்தத் தின்னு வளந்த ஒடம்பு இது. அவுக மேல கோவப்பட்டா ஒடம்பே கேக்க மாட்டேங்குது, கோவப்படலேன்னா அம்மாவுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு. அதுக்கு நான் பேரு, நர்ஸம்மா, நாயின்னு பேசிக்கிட்டு இருக்கேன். நீங்களும் பாவம் திருமங்கலத்துல இருந்து கேட்டுக்கிட்டே வாரீக.

ஒண்ணு சொல்றேன் அண்ணாச்சி. செத்துப் போன அம்மாமார் போட்டோவத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட எத்தனையோ பேரு வருவாக. எல்லாம் ரேஷன் கார்டுல இருந்து எடுத்த போட்டோவாத்தான் இருக்கும், உம்முன்னு இருக்கும். கொஞ்சம் சிரிச்ச மாதிரிப் பண்ணிக் குடுங்கம்பாக. பண்ணிக் குடுப்பேன். ஒதட்டோரத்த லேசா இழுத்து விட்டாப் போதும், பெத்த பிள்ளைக பாத்துட்டு, ஆமா அம்மா இப்படித்தான் சிரிக்கும்னு அழுவாக. எங்கம்மா போட்டோவ மட்டும் நான் பண்ணினதில்ல. எப்படி இழுத்து விடணும்னு எனக்குத் தெரியாது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளுல இருந்து அவ இருமினதத்தான் பாத்திருக்கேன். எங்கம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி.

சீனியம்மா காட்டோட அந்த ஓரத்துல நின்னவ, துண்டால மூடிக் குனிஞ்சவ, பிளேனப் பாத்துச் சிரிச்ச மொகம் அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்கம்மா வாயத் தெறந்து சிரிச்சதக் கிட்டத்துல பாத்த ஆளுன்னு இந்த ஒலகத்துல இன்னைக்கு மிச்சம் இருக்கிறது அந்தப் பச்சச் சேலைதான். எம்பது வயசு. நெதமும் பாத்திருக்காக. தெத்துப்பல்லா, வரிசைப்பல்லா, சிரிச்சா கண்ணு சின்னதாகுமா, கன்னத்துல குழி விழுமா, அத்தனையும் தெரிஞ்சிருக்கும். மன்னிக்கிறதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம், அது என்னால முடியுமோ என்னமோ. இத மொதல்ல கேக்கணும்.

இது எந்த ஊரு, சாத்தூரா? அப்ப நேரம் இருக்கு. காலக் கொஞ்சம் மடக்குங்க அண்ணாச்சி, நான் முன்னால போறேன்.